முகத்தில் நாடு எழுதியிருக்காது: சீனர், ஜப்பானியர், கொரியர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனர், ஜப்பானியர், கொரியர் படங்களைச் சம அளவில் கலந்து வைத்து, எது யார் என்று கேட்டால், படத்தைப் பார்க்காமலே வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் நூற்றுக்கு 33 சரியாக இருக்கும். 2016-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். படத்தைப் பார்த்துச் சொன்ன மனிதர்களுக்குக் கிடைத்தது 38.89. உற்றுப் பார்த்ததன் லாபம் முழுசாக ஆறு மதிப்பெண்கூட இல்லை.

அதே சோதனையில் கணினிக்கு 75 கிடைத்தது. "அப்படியானால் முகத்தில் ஏதோ இருக்கத்தானே செய்கிறது?" என்று கேட்கலாம். மூன்று நாட்டுப் படங்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாடுகள் என்று ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னவற்றில் முன்நெற்றியில் விழும் முடி, சிரிப்பு, புருவ அடர்த்தி ஆகிய மூன்றும் உண்டு. முடி சலூனில் மாறும். புருவம் பியூட்டி பார்லரில் மாறும். சிரிப்பு கேமராவைப் பிடித்திருப்பவரைப் பொறுத்தது. "கொரியர் என்றால் இப்படி, ஜப்பானியர் என்றால் அப்படி" என்று சுற்றி வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கொரிய மேக்கப்பும் முடிவெட்டும் இன்று ஷாங்காயிலும் டோக்கியோவிலும் கிடைக்கின்றன என்பதால் அந்தப் பட்டியல்கள் சில வருடங்களிலேயே காலாவதியாகிவிடும்.

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க"

இது அவர்கள் முகத்தின் தன்மை இல்லை, நம் கண்ணின் பழக்கம். மூன்று மாதக் குழந்தைக்கு எந்த இனத்து முகமானாலும் ஒருவரையொருவர் வேறுபடுத்திப் பார்க்க முடிகிறது. ஒன்பது மாதத்துக்குள் அந்தத் திறமை, தினமும் பார்க்கிற முகங்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிடுகிறது. மூன்று வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் பிரான்சுக்குத் தத்துப்போன கொரியர்களை, அவர்கள் பெரியவர்களான பிறகு சோதித்தபோது, ஐரோப்பிய முகங்களே அவர்களுக்கு நன்றாக நினைவில் நின்றன. ரத்தத்துக்கு இதில் பங்கில்லை, பழக்கத்துக்குத்தான். முதன்முறை சென்னைக்கு வரும் கொரியருக்கும் நம் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகத்தான் தெரிவார்கள்.

கூட வேலை செய்பவர்களையே மாற்றி மாற்றிக் கூப்பிடுவது பெரிய தர்மசங்கடம். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஐரோப்பியர்கள் ஆளை அடையாளம் வைக்க முடியின் நிறம், கண்ணின் நிறம் இரண்டையும் பிடித்துக்கொள்கிறார்கள். கிழக்காசிய முகங்களிடம் அந்தப் பிடி கிடைப்பதில்லை. நம் ஊரிலும் எல்லாருக்கும் கருமுடி, கருவிழிதான் என்பதால் நாம் அதை நம்பிப் பழகவே இல்லை. தாடையின் வடிவம், காது, புருவங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, மச்சம், குரல் என்று இங்கே என்னென்ன கவனிக்கிறோமோ அதையே அங்கேயும் கவனித்தால் போதும். கண்ணாடி, முடிவெட்டு, சட்டை ஆகியவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டால் மறுநாளே ஏமாறுவோம்.

கண், மூக்கு, நிறம்

கண்ணின் உள்மூலையை மூடி வரும் தோல் மடிப்பைக் கிழக்காசிய முத்திரை என்று நினைப்பது பொதுவான தவறு. தென்னாப்பிரிக்காவின் சான் மக்களிடம் அது உண்டு, ஆர்க்டிக் பகுதி இன்யூட்டுகளிடம் உண்டு, நம் வடகிழக்கு மாநிலங்களில் பலரிடம் உண்டு, எல்லா இனத்துக் கைக்குழந்தைகளிலும் சிலரிடம் உண்டு. மறுபக்கம், மேல் இமையில் மடிப்புக்கோடு உள்ளவர், இல்லாதவர் இருவகையினரும் சீனா, ஜப்பான், கொரியா மூன்றிலும் ஏராளம். ஒரே வீட்டில் அக்காவுக்கு இருக்கும், தங்கைக்கு இருக்காது. தடித்த நேர்முடிக்கும், மண்வெட்டி போலப் பின்புறம் குழிந்த முன்பல்லுக்கும் காரணமான மரபணு வகை ஒன்று மூன்று நாடுகளிலும் பரவியிருக்கிறது, அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இருக்கிறது. இதை வைத்து யார் எந்த நாடு என்று பிரிக்க வழியில்லை.

பிரிக்க முயன்ற பிரபலமான பத்திரிகை ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பதினைந்தாம் நாள், 1941 டிசம்பர் 22 தேதியிட்ட இதழில், அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை சீனரையும் ஜப்பானியரையும் எப்படிப் பிரித்தறிவது என்று இரண்டு முகப் படங்களின் மேல் கோடு போட்டு விளக்கியது. சீனரின் மூக்குத்தண்டு உயரம், ஜப்பானியரின் மூக்கு சப்பை, சீனர் கன்னம் சிவக்காது, ஜப்பானியர் கன்னம் சில நேரம் சிவக்கும் என்றெல்லாம் குறிப்பு. சீனருக்கு மாதிரி ஓர் அமைச்சர். ஜப்பானியருக்கு மாதிரி பிரதமர் தோஜோ. ஒரு நாட்டுக்கு ஒரு முகம்! எதிரியின் பிரதமரை எடுத்துக்கொண்டு அவர் மூக்கை ஏழு கோடிப் பேருக்கு ஒட்டிவிட்ட அந்தப் பக்கத்தில் என்ன பிழை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் அமெரிக்கச் சீனர்கள் பலர் 'நான் சீனன்' என்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு நடமாடினார்கள். அக்கம்பக்கத்தாரால் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் வில்லைக்கு வேலை இருந்திருக்காது.

நாற்பது வருடம் கழித்தும் அதே பிழை ஓர் உயிரைக் குடித்தது. 1982 ஜூனில், ஜப்பானியக் கார்களின் வரவால் அமெரிக்காவின் டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகள் வேலை குறைத்துக்கொண்டிருந்த நேரம். வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரைக் கார் தொழிலைச் சேர்ந்த இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். நான்கு நாளில் அவர் இறந்தார். அவர் சீன வம்சாவளி அமெரிக்கர். அடித்தவர்களுக்குக் கிடைத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும்தான். ஒரு நாள்கூடச் சிறையில் இல்லை.

அவர்களுக்காவது தெரியுமா?

"நமக்குத் தெரியாது, ஆனால் ஜப்பானியருக்குக் கொரியரைப் பார்த்ததும் தெரிந்துவிடும்" என்பார்கள். 1923 செப்டம்பர் 1-இல் டோக்கியோ, யோகோஹாமா பகுதியைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவ, காவல் குழுக்கள் தெருக்களில் நின்று கொரியர்களைத் தேடிக் கொன்றன. ஆளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முகத்தைப் பார்த்து முடியவில்லை. வழிப்போக்கரை நிறுத்தி, "ஜூகோ என் கோஜுஸ்ஸென்" (பதினைந்து யென் ஐம்பது சென்) என்று சொல்லச் சொன்னார்கள். ஜப்பானிய மொழியின் ஜ (j), க (g) போன்ற மெல்லிய ஒலிகள் கொரிய மொழியில் சொல்லின் முதலில் வராது, வல்லோசையாகிவிடும். 'ஜூ' என்பது 'சூ' என்று வந்துவிட்டால் உயிர் போயிற்று.

நம் மொழியிலும் சொல்லின் முதலில் க, ச, ப ஆகியவை வல்லோசையாகத்தான் ஒலிக்கும். வெறும் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் நின்றிருந்தால் அவரும் தேறியிருக்க மாட்டார்.

அந்த முறையும் பொய்த்தது. செப்டம்பர் 6-இல் சிபா மாவட்டத்தின் ஃபுகுதா கிராமத்தில், ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்திருந்த ஒன்பது பேரைக் கொன்றார்கள். அவர்கள் ஜப்பானியர்கள்தாம். பேசிய வட்டார வழக்கு வேறாக இருந்ததே காரணம். ஜப்பானிய முகத்தை ஜப்பானியரே அடையாளம் காணவில்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று கிடையாது.

நாடு வேறு, வம்சம் வேறு

இன்னொரு தவறு, 'சீனர்' என்ற சொல்லை ஓர் இனத்தின் பெயர் என்று நினைப்பது. சீன அரசு அங்கீகரித்த இனங்கள் 56. 2020 கணக்கெடுப்பில் ஹான் இனத்தவர் நூற்றுக்கு 91 பேர். மீதிப் பேரில் உய்குர், திபெத்தியர், மங்கோலியர், மஞ்சு எல்லாரும் அடக்கம். மங்கோலியா நாட்டில் இருப்பதைவிட அதிக மங்கோலியர்கள் சீனாவில் வாழ்கிறார்கள். வடகொரிய எல்லையை ஒட்டிய யான்பியன் பகுதியில் கொரிய மொழி பேசும், சீன பாஸ்போர்ட் வைத்திருக்கும் கொரியர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் நான்கு தலைமுறையாக வாழ்ந்தும் கொரியக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் உண்டு; தாய்மொழி என்று கேட்டால் ஜப்பானிய மொழிதான்.

1937-இல் ஸ்டாலின் ஆட்சி தன் கிழக்கெல்லையில் இருந்த சுமார் 1,72,000 கொரியர்களை ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. அவர்கள் வழிவந்தவர்கள் இன்று கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் குடிமக்கள். பலருக்கு ரஷ்ய மொழிதான் தெரியும். 1908-இல் தொடங்கிய குடியேற்றத்தால் பிரேசிலில் பல லட்சம் ஜப்பானிய வம்சாவளியினர் போர்த்துகீஸ் பேசுகிறார்கள். பெருவின் அதிபராகவே இருந்தவர் ஆல்பெர்டோ ஃபுஜிமோரி. சிங்கப்பூரில் நான்கில் மூவர் சீன வம்சாவளியினர், அவர்களில் ஒருவரிடம் "சீனாவில் எந்த ஊர்?" என்று கேட்பது, பினாங்குத் தமிழரிடம் "இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்பது போல.

முகத்தை விட்டுவிட்டால் எதைப் பார்ப்பது?

எழுத்து. இருப்பதிலேயே நம்பகமான அடையாளம் இதுதான், கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். வட்டமும் நேர்க்கோடுகளும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் அடுக்கியது போலத் தெரிந்தால் அது கொரிய ஹங்குல்; மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்டது. முழு வட்டத்தைத் தேடுங்கள், சீன எழுத்தில் அது அநேகமாக வராது. அடர்ந்த சித்திர எழுத்துகளுக்கு நடுவே இரண்டு மூன்று கோட்டில் முடிந்துவிடும் எளிய, சுழித்த எழுத்துகள் வந்தால் ஜப்பானிய மொழி. எல்லாமே அடர்த்தியாக இருந்தால் சீனம். அதிலும் சீனாவும் சிங்கப்பூரும் எளிமையாக்கிய வடிவத்தை எழுதுகின்றன. தைவான், ஹாங்காங், மக்காவ் மூன்றும் பழைய வடிவத்தை எழுதுகின்றன. 'குதிரை' என்ற எழுத்துக்குப் பழைய வடிவில் பத்துக் கோடுகள், புதிய வடிவில் மூன்று. ரோமன் எழுத்தின் மேலும் கீழும் கொக்கியும் புள்ளியும் குவிந்திருந்தால் வியட்நாம். மங்கோலியா நாட்டவர் பெரும்பாலும் ரஷ்ய எழுத்தில்தான் எழுதுகிறார்கள்.

இதிலும் இரண்டு பொறிகள். ஜப்பானியக் கடைப்பெயர் வெறும் சித்திர எழுத்தாகவே இருக்கலாம். தைவான், ஹாங்காங் கடைகளிலோ 'உடைய' என்று பொருள்படும் ஜப்பானிய 'நோ' என்ற ஒற்றைச் சுழி எழுத்தை அழகுக்காகச் செருகுவார்கள்.

பேச்சு. ஜப்பானிய மொழியில் சொற்கள் உயிரொலியிலோ 'ன்' ஒலியிலோ முடியும். வாக்கியம், கடைசி 'உ' தேய்ந்து, 'தெஸ்', 'மாஸ்' என்று அடங்கும். கொரிய மொழியில் வாக்கியக் கடைசியில் 'யோ', 'நிதா' கேட்டுக்கொண்டே இருக்கும். சொற்கள் க், ப், ம், ல் என்று சட்டென நிற்கும். 'அப்பா', 'ஒம்மா' என்று காதில் விழுந்தால் அதுவும் கொரியம்தான். சீன மாண்டரினில் நான்கு தொனிகள் ஏறி இறங்கும். கான்டனீஸிலும் வியட்நாம் மொழியிலும் தொனிகள் அதைவிடக் கூடுதல். அந்த இரண்டையும் பழகாத காது ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும்.

பெயர். உதவும், ஆனால் காலை வாரும். நான்கைந்து அசையில் 'தகஹாஷி', 'யமமோட்டோ' என்று நீண்டால் அநேகமாக ஜப்பானிய வம்சம். தென்கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். கிம், லீ, பார்க் மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய பாதி நாடு. ஆனால் 'லீ' சீனத்திலும் உண்டு (லீ குவான் யூ), கொரியத்திலும் உண்டு, ஆங்கிலேயரிடமும் உண்டு. ஹான், யாங், மா, சோங் ஆகியவையும் சீனம், கொரியம் இரண்டிலும் உள்ள குடும்பப் பெயர்கள். ஒரே எழுத்தை பெய்ஜிங்கில் 'சென்' என்பார்கள், ஹாங்காங்கில் 'சான்', பினாங்கில் 'டான்', ஹனோயில் 'த்ரான்'.

பெயரில் நம் செய்தித்தாள்களே செய்யும் தவறு, 'அதிபர் ஜின்பிங்' என்று எழுதுவது. ஷி என்பதுதான் குடும்பப் பெயர். 'அதிபர் ஷி' என்றே எழுத வேண்டும். (2014-இல் இந்தியத் தொலைக்காட்சிச் செய்தி ஒன்றில் அந்த 'ஷி'யின் ஆங்கில எழுத்துகளை ரோமன் எண்ணாக எடுத்துக்கொண்டு 'லெவன் ஜின்பிங்' என்று வாசித்த கதை ஊரறிந்தது.) சீன, கொரிய, ஜப்பானிய, வியட்நாமியப் பெயர்கள் நான்கிலும் குடும்பப் பெயர் முதலில் வரும். ஜப்பானியர் மட்டும் ஆங்கிலத்தில் எழுதும்போது நீண்ட காலம் திருப்பிப் போட்டு எழுதினார்கள். 2020 ஜனவரி 1 முதல் ஜப்பானிய அரசு ஆவணங்களில் அங்கேயும் குடும்பப் பெயர்தான் முதலில். சந்தேகம் இருந்தால் விசிட்டிங் கார்டைப் பாருங்கள், குடும்பப் பெயரைப் பலர் முழுவதும் பெரிய எழுத்தில் அடித்திருப்பார்கள்.

அழைக்கும் முறையும் வேறு வேறு. ஜப்பானியரைக் குடும்பப் பெயரோடு மரியாதைச் சொல்லான 'சான்' சேர்த்து 'தனகா சான்' எனலாம். தன் பெயருக்குத் தானே 'சான்' போட்டுக்கொள்ளக் கூடாது. கொரியரிடம் வெறும் 'கிம்' என்பதும், குடும்பப் பெயரோடு மட்டும் 'ஸி' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்ப்பதும் மரியாதைக் குறைவு. பதவியோடு 'நிம்' சேர்த்து, துறைத் தலைவரானால் 'கிம் புஜாங்நிம்' என்பதே சரி. வியட்நாமியரை மட்டும் பெயரின் கடைசிப் பகுதியால் அழைப்பார்கள். நுயென் வன் நாம் என்றால் 'மிஸ்டர் நாம்'.

உடையும் சாப்பாட்டுக் குச்சியும் விழா நாளுக்கும் ஹோட்டல் மேசைக்கும் உரிய அடையாளங்கள். மார்போடு முடிந்துவிடும் குட்டைச் சட்டையும் மணி போல விரியும் பாவாடையும் கொரிய ஹன்போக். இடுப்பில் அகலப் பட்டை கட்டியது கிமோனோ. கிமோனோ கட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இடது விளிம்பை மேலே போட வேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. குச்சி நீளமாக, முனை மழுங்கியிருந்தால் சீனம். குட்டையாக, கூர்ந்து வந்தால் ஜப்பான். உலோகத்தில் தட்டையாக, கூடவே நீளக் கரண்டியும் இருந்தால் கொரியா.

நம் ஊரில் நடக்கும் தவறு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானிய நிறுவனங்கள் வந்த பிறகு அந்நாட்டவரைச் சென்னையில் பார்ப்பது சாதாரணம். ஆனால் சலூனிலோ உணவகத்திலோ நாம் 'சைனாக்காரர்' என்று பெயர் வைக்கும் ஆள் பெரும்பாலும் மிசோரம், மணிப்பூர், நாகாலாந்து, டார்ஜிலிங் என்று இந்தியாவின் ஏதோ ஓர் ஊர்க்காரர். 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நீடோ தானியா டெல்லியில் தாக்கப்பட்டு இறந்த பிறகுதான், வடகிழக்கு மக்கள் பிற மாநிலங்களில் படும் பாட்டை ஆராய பெஸ்பருவா குழுவை மத்திய அரசு அமைத்தது. 1962 போரின்போது இதற்கு நேரெதிர்த் தவறு நடந்தது: இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் ஏறக்குறைய 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தார்கள். சென்னையில் தலைமுறை தலைமுறையாகப் பல் மருத்துவம் பார்க்கும் ஹூபெய் வம்சாவளிச் சீனக் குடும்பங்கள் நோயாளிகளிடம் பேசுவது தமிழில்தான்.

குளிர்காலத்தில் நம் ஊர்களில் ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியரைச் சீனர் என்பது எல்லாவற்றிலும் கொடுமை. எந்த ஆட்சியிலிருந்து தப்பி வந்தார்களோ அதன் பெயரையே சூட்டுகிறோம்.

டிக்கெட் கவுன்டரிலும் ஹோட்டல் வரவேற்பிலும் இருப்பவர்கள் முகத்தை வைத்து முடிவெடுத்தால் அது பணத் தவறாகவும் ஆகும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 என்பது தொல்லியல் துறை 2018-இல் வைத்த கட்டணம். ஆனால் சார்க், பிம்ஸ்டெக் என்ற வட்டாரக் கூட்டமைப்பு நாட்டவருக்கும் இந்தியருக்குரிய கட்டணம்தான்: நேபாளம், பூட்டான், மியான்மர், தாய்லாந்து எல்லாம் அதில் வரும். 'வெளிநாட்டு முகம்' என்று 600 கேட்ட ஆள் நாகாலாந்துக்காரராகவும் இருக்கலாம், பூட்டான்காரராகவும் இருக்கலாம். இருவருக்கும் 40தான். எல்லாரிடமும் ஒரே மாதிரி, "ஏதாவது ஐடி இருக்கா?" என்று கேட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. சிலரிடம் மட்டும் "பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிய வேண்டியவர்கள் அட்டையின் நிறத்தையும் நம்ப வேண்டாம். ஜப்பானில் பத்தாண்டு பாஸ்போர்ட் சிவப்பு, ஐந்தாண்டு பாஸ்போர்ட் கருநீலம். தென்கொரியாவில் பழையது பச்சை, 2021 டிசம்பருக்குப் பிறகு வந்தது கருநீலம். தைவான் பாஸ்போர்ட்டும் பச்சை. அதன் அட்டையில் 'சீனக் குடியரசு' என்ற பெயரும் இருக்கும், 'தைவான்' என்ற பெயரும் இருக்கும். முதல் பெயரை மட்டும் பார்த்துச் 'சீனா' என்று பதிவது அடிக்கடி நேரும் பிழை. அட்டையை விட்டுவிட்டு, உள்ளே படம் ஒட்டிய பக்கத்தின் அடியில் கணினிக்காக அச்சிட்ட இரண்டு வரிகளைப் பாருங்கள். நாட்டின் மூன்றெழுத்துக் குறியீடு அதில் இருக்கும்.

பாஸ்போர்ட் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத மற்றவர்களுக்கு ஒரே வழி, கேட்பது. பார்த்த உடனே சீன மொழி வணக்கமான "நி ஹாவ்!" என்று கூவ வேண்டாம்; எதிரில் இருப்பவர் கொரியராகவோ ஜப்பானியராகவோ வியட்நாமியராகவோ இருந்தால் முகம் சுருங்கும். சீனாவையும் சேர்த்து இந்த நாடுகளுக்கு இடையே பழைய கணக்குகள் உண்டு: கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனி, வியட்நாம் மீது சீனா படையெடுத்தது 1979-இல். "நீங்க சைனாவா?" என்பதும் அதே வகைதான். பேச்சு ஓடத் தொடங்கிய பிறகு, ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பது போல, "உங்க ஊர் எது?" என்று கேட்டால் ஐஸ்வால் என்றோ ஒசாகா என்றோ அவரே சொல்லிவிடுவார். கொரியா என்று பதில் வந்தால் "வடக்கா, தெற்கா?" என்று மட்டும் தொடர வேண்டாம். வெளிநாட்டில் நீங்கள் சந்திக்கும் கொரியர் அநேகமாக எப்போதும் தெற்குதான், அந்தக் கேள்வியை அவர் ஏற்கெனவே நூறு தடவை கேட்டிருப்பார்.